மாவுப்பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர்

செப்டம்பர் 3

வேளாண் ஆய்வுக்கூடத்து ஹேமலதா மேடம் சொன்னதால்தான் இந்த டைரியைக் கையில் எடுத்தேன். "என்ன தெளிச்சீங்க, அப்புறம் செடி எப்படி இருந்துச்சுன்னு தேதி போட்டு எழுதி வையுங்கம்மா. ஏதாவது தப்பு நடந்தா எங்கேன்னு பார்க்கலாம்" என்று போனில் சொன்னார். உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம் சிரிக்கிறது. அதைப் பேனாவால் அழுத்தி அடித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினேன்.

மூன்றாம் வரிசை ஆர்க்கிட் செடிகளில் மாவுப்பூச்சி வந்துவிட்டது. இலை தண்டோடு சேரும் இடுக்கில், பஞ்சைக் கிள்ளி ஒட்டினதுபோல் உட்கார்ந்திருக்கிறது. பார்த்ததும் பயந்துவிட்டேன். பூச்சிக்காக அல்ல. பூச்சி என்ற சொல் என் வீட்டுக்காரர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான்.

செப்டம்பர் 4

காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, ஆறினதும் வேப்பெண்ணெய் கலந்து, பொழுது சாய்ந்த பிறகு கைத்தெளிப்பானில் அடித்தேன். வெயிலில் அடித்தால் எண்ணெய் இலையைச் சுட்டுவிடும். இடுக்கில் இருந்ததை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கையுறை போட்டால் இடுக்கு விரலுக்குப் பிடிபடுவதில்லை. என் மருந்தில் என்ன இருக்கிறது, பாத்திரம் கழுவுகிற கைதானே. வெறுங்கையே போதும்.

அவர் என் பூக்குடிலுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மூன்று வருடங்களுக்கு முன், தக்காளிக்கு மருந்தடிக்கப் போனவர் மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல், பனியனும் லுங்கியுமாக டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். மத்தியானம் சோறு கொண்டுபோன நான் வரப்பில் கிடந்தவரைத்தான் பார்த்தேன். வாயில் நுரை. டாக்டர் டார்ச் அடித்து அவர் கண்மணியைக் காட்டினார், கடுகு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மூச்சுக்குக் குழாய் போட்டு, ஒருவழியாகப் பிழைத்து வந்தார். "இன்னொரு தடவை மருந்துக் காத்துப் பட்டா இவர் உடம்பு தாங்காதும்மா" என்றார் டாக்டர்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, இனி டேங்கைத் தோளில் போடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். தக்காளியை விட்டோம். ஆனைமலைப் பக்கத்து ஈரக்காற்றுக்கு ஆர்க்கிட் நன்றாக வரும் என்று கேள்விப்பட்டு, தென்னைக்கு நடுவில் நிழல்வலை கட்டிக் குடில் போட்டேன். தென்னை அவருடையது, பூ என்னுடையது. விஷம் ஒரு சொட்டுகூடப் படாத பூ. இது தோற்றால் அவர் மறுபடி தக்காளிக்குப் போவார், டேங்கைத் தூக்குவார். எனக்குள்ள பயம் இது ஒன்றுதான்.

செப்டம்பர் 9

எறும்பு. இந்த எறும்புகள்தான் மாவுப்பூச்சியை மாடு மேய்ப்பதுபோல் மேய்க்கின்றன. பூச்சி விடும் இனிப்புத் தண்ணீருக்காக அதைச் செடி செடியாகத் தூக்கிக்கொண்டு போய் விடுகின்றன. தொட்டி வைத்த மேசைக் கால்களுக்கெல்லாம் கிரீஸ் தடவினேன். கிரீஸ் எங்கே போனது என்று பம்புசெட்டில் தேடிக்கொண்டிருந்தார் அவர்.

செப்டம்பர் 15

விடாத மழை. இரண்டு செடிகளில் இலை கறுத்து அழுகுகிறது, பூஞ்சணம். கத்தியை நெருப்பில் காட்டி, அழுகலுக்குக் கீழே நல்ல இலையோடு சேர்த்து வெட்டி, வெட்டின வாயில் இலவங்கப்பட்டைப் பொடி வைத்தேன். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்துக் காற்றோட்டம் விட்டேன். இனிமேல் காலையில் மட்டும்தான் தண்ணீர். குடில் முழுக்கப் பிரியாணி வாசம்.

சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார். "அம்மிணி, இலை கறுக்குதாமே? கடையில கேட்டேன். ஒரே ஒரு தடவை அடிச்சா..."

"யாரு சொன்னா இலை கறுக்குதுன்னு?"

"வலைக்கு வெளிய நின்னு பாத்தேன். உள்ள வரலை. நீ முறைக்காத."

"ஏனுங்க மாமா, நீங்க வரப்புல கெடந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. இனியொரு தடவை தூக்கிட்டு ஓட என்ற உடம்புல தெம்பில்லீங்க."

"செரி, உடு. அன்னைக்கே மூஞ்சிக்கு ஒரு துணி கட்டியிருந்தா, கைக்கு உறை போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நீதான சொன்னே?" என்று கேட்டுவிட்டு, மோரை ஊற்றிக்கொண்டார்.

சொன்னேன்தான். ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 20

ஆய்வுக்கூடம் போய் ஹேமலதா மேடத்தைப் பார்த்தேன். மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டு கொடுத்தார். தலை மட்டும் செம்மண் நிறம், உடம்பெல்லாம் கறுப்பு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. "வண்டு சாப்பிடறதைவிட இதோட புழு நெறைய சாப்பிடும். ஆனா அந்தப் புழு பார்க்க மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும், வெள்ளை வெள்ளையா, அதைவிடப் பெருசா. தெரியாம நிறையப் பேர் அதையே நசுக்கிடறாங்க. கவனம்மா" என்றார்.

அட்டைப்பெட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அவரிடம் சொல்லவில்லை. பூச்சி போதாதென்று காசு கொடுத்துப் பூச்சி வாங்கி வந்தேன் என்று தெரிந்தால் அவ்வளவுதான். பால் சொசைட்டியில் சொல்லிச் சிரிப்பார், டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார், ஒறம்பரைச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் என்னை எதிரில் வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பார். மண்புழு உரம் போட்ட வருடம் பட்டது போதும்.

செப்டம்பர் 21

மூன்றாம் வரிசையிலும் பக்கத்து வரிசைகளிலும் வண்டுகளை விட்டாயிற்று. இனி அந்த வரிசைகளில் சோப்புத் தண்ணீர் கிடையாது. மற்ற இடங்களில் பஞ்சும் கையும்தான்.

அக்டோபர் 2

புழுக்கள் வந்துவிட்டன! வெள்ளை வெள்ளையாக, உடம்பெல்லாம் மெழுகுத் தாடி வைத்துக்கொண்டு, மூன்றாம் வரிசை முழுக்க ஊர்கின்றன. ஒன்று என் கண்ணெதிரில் ஒரு மாவுப்பூச்சியைப் பிடித்துச் சப்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, மாட்டிடம் சொன்னேன்.

அக்டோபர் 4

பால் ஊற்றிவிட்டு வரும்போது அவர் வலைக்கு வெளியே, மூன்றாம் வரிசைக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் நின்றிருப்பார்போல, மழைத்தூறலில் தோள் நனைந்திருந்தது.

"அம்மிணி, பூச்சி பெருசாகுதா?"

"கொறையுதுங்க. நீங்க தேங்காயைப் பாருங்க."

"கொறையுதா?" என்று என் முகத்தையே பார்த்தார். பயந்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை. எனக்காகப் பரிதாபப்பட்ட மாதிரியும் இருந்தது.

அக்டோபர் 7

சொசைட்டியிலிருந்து வந்தபோது அவர் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் குளிக்கிற ஆள் இல்லை. வேளாண் முகாமில் கொடுத்த ரப்பர் கோட்டு பரணிலிருந்து இறங்கிக் கொடியில் தொங்கியது. மழைக்குப் போட்டேன் என்றார். மழைக்கு ஒரு கோட்டு வேண்டும்தான்.

கண்ணைப் பார்த்தேன். தினமும் ஏதாவது சாக்கு வைத்துப் பார்த்துவிடுவேன், தூசி இருக்கிறது என்பேன், பீளை என்பேன். கண்மணி நல்ல பெரிதாக, கறுப்பாக இருந்தது. நிம்மதி.

குடிலில் கெட்டுப்போன பூண்டு மாதிரி ஒரு நாற்றம். மூலையில் வைத்திருந்த பூண்டு மிளகாய்க் கரைசல் புளித்துவிட்டது போலிருக்கிறது. கொண்டுபோய்க் கொட்டினேன்.

அக்டோபர் 9

மாவுப்பூச்சி உதிர்கிறது! தொட்டால் பொடியாகக் கொட்டுகிறது. எறும்புச் சாரையையே காணோம். புழுக்களையும் காணோம், கூடு கட்டப் போயிருக்கும். செத்துக் காய்ந்த பூச்சிகளை எல்லாம் இலை இலையாக வழித்துத் துடைத்தேன்.

வண்டைப் பற்றிச் சொல்ல முடியாதே, அவரிடம், "பாத்தீங்களா, என்ற சோப்புத் தண்ணிய!" என்று குதித்தேன். இத்தனை வயதில் குதித்தேன். அவர் சிரித்து, "நீ கெட்டிக்காரிதான் அம்மிணி" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து எத்தனை வருடம் ஆயிற்று. பூ வியாபாரி சலீம் பாய்க்குப் போன் போட்டு, ஐப்பசிக் கல்யாண மேடைக்குப் பூத்தண்டு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. மழைச்சளி.

அக்டோபர் 12

கரண்டு குறைவாக வருகிறதுபோல, விளக்கு மங்கலாக எரிகிறது. அவர் "நல்லாத்தான எரியுது" என்கிறார். கண்ணாடி போடும் வயது வந்துவிட்டது எனக்கு. சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்து இழுக்கிறது. இந்த மழைக் குளிரில் ஜாக்கெட் நனையும்படி வியர்க்கிறது. மாதவிலக்கு நிற்கிற காலத்தில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறார்கள்.

அக்டோபர் 14

புழுக்கள் கூடு கட்டவில்லை. செத்திருக்கின்றன. இலைக்கு அடியில், தொட்டிக்குள், மேசைக்குக் கீழே, எல்லாம் சுருண்டு கிடக்கின்றன. வண்டுகளும் மல்லாந்து கிடக்கின்றன. வலையோரம் ஒரு தேன்சிட்டு செத்துக் கிடந்தது.

ஹேமலதா மேடத்துக்குப் போன் செய்தேன். "வேற ஏதாவது மருந்து அடிச்சீங்களாம்மா?" என்றார்.

"இல்லைங்க மேடம். சோப்புத் தண்ணிகூட அந்தப் பக்கம் அடிக்கலைங்க."

தேதிகளை மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டார். "நீங்க அடிக்கலைன்னா சரி. வீட்டுல வேற யாராச்சும்..."

போனைத் திண்ணையில் போட்டேன். அவரைத் தேடிக்கொண்டு ஓடினேன். தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினேன். "என்ன புள்ள, ஊரே பாக்குது" என்று கூச்சப்பட்டார். கண்ணில் ஒன்றுமில்லை. வியர்வை இல்லை, எச்சில் ஊறவில்லை. முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார். மருந்து பட்டால் இந்த மனிதர் இப்படி நிற்க முடியாது, எனக்குத் தெரியாதா?

அப்படியென்றால் புழுக்கள் வேறு எதனாலோ செத்திருக்கின்றன. குளிராக இருக்கலாம்.

அக்டோபர் 15

அவர் சந்தைக்குப் போனதும் பம்புசெட், மாட்டுக்கொட்டகை, தேங்காய் அறை எல்லாம் தேடினேன். டப்பா எதுவும் இல்லை. அவர் சட்டைகளை மோந்து பார்த்தேன், மூக்கடைப்பில் ஒன்றும் தெரியவில்லை. சந்தையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார்.

"என்ன தேடறே?"

"அருவாளுங்க."

அரிவாள் என் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்கிறேன், ஆனால் பால் கொண்டுபோகாமல் இருக்க முடியுமா? அந்த நேரத்துக்கு யார் காவல்? நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சில நேரம் அடிப்பதே தெரியாமல் மெதுவாகவும் போகிறது. பயம்தான், வேறென்ன.

அக்டோபர் 17

பேய்மழை. நாலு பக்கமும் பாலித்தீன் தாளை இறக்கிக் கட்டிவிட்டேன். நாளைக்குப் பூத்தண்டு வெட்ட வேண்டும், இலையில் ஒரு பொட்டு அழுக்குகூட இருக்கக் கூடாது. பாலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் இலைகள் எல்லாம் ஈரமாகவே இருந்தன. தாள் இறக்கியும் சாரல் எப்படி வந்ததோ. காலையிலிருந்து உள்ளேயே உட்கார்ந்து துடைத்துவிட்டேன். சோற்றைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல்லித் தின்றேன். தின்றது வெளியே வந்துவிட்டது.

எழுத்துக் கோணுகிறது. கண்ணிமை தானாகத் துடிக்கிறது. வலது கண் துடித்தால் நல்லதா, இடதா. அவர் கண்ணை இன்றைக்குப் பார்க்கவில்லை. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். வாயில் எச்சில் நிற்கவே

நவம்பர் 2

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்தேன். டைரியில் அந்த வரி பாதியில் நின்றிருக்கிறது. அதன் பிறகு எதுவும் எனக்கு நினைவில்லை, மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

குடிலுக்குள் மேசையடியில் கிடந்தேனாம். சோற்றுப் பாத்திரம் எடுக்க வந்தவர் பார்த்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்து வேனில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வேன் நிற்பதற்குள் குதித்து, யாரும் கேட்கும் முன்பே, மருந்தின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே உள்ளே ஓடினாராம். அவர் அப்படிக் கத்தியதால்தான் தாமதிக்காமல் ஊசி போட முடிந்தது என்று டாக்டர் சொன்னார். யோசித்துச் சொல்லலாம் என்று கொஞ்சம் நின்றிருந்தால் நான் இல்லை.

மூச்சுக்குப் போட்ட குழாயை எடுத்த அன்றைக்கு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"நீ பாலுக்குப் போனதும் அடிப்பேன். டேங்கைத் தோள்ல போடமாட்டேன்னுதான சத்தியம் பண்ணேன். கையில புடிக்கற சின்னதுல அடிச்சேன். டப்பாவைத் தென்னமட்டைக் குவியலுக்குள்ள வெச்சிருந்தேன்."

"எதுக்கு மாமா?" என்றேன். காற்றுதான் வந்தது.

"பூச்சி அத்தனை பெருசாயிருச்சு அம்மிணி. வெள்ளவெள்ளையா, விரல் நகம் பெருசுக்கு ஊருது. நீ பாட்டுக்குக் கொறையுதுங்கறே. செடி போச்சுன்னா நீ ஒடிஞ்சு போயிருவேன்னு பயந்துட்டேன். அப்பறம் பூச்சி செத்ததும், உன்ற சோப்புத் தண்ணிதான்னு குதிச்சியே, அந்த சந்தோசத்தை எப்படிக் கெடுக்கறது? பூச்சி திரும்பி வந்துரக் கூடாதேன்னு மறுபடியும் அடிச்சேன்."

நர்ஸ் வந்து டிரிப்பைப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நீ சொன்ன மாதிரியே, மூஞ்சிக்குக் கட்டினேன். கைக்கு உறை போட்டேன். கோட்டு போட்டேன். முடிச்சதும் சோப்புப் போட்டுக் குளிச்சேன். ஒண்ணு விடலை அம்மிணி. என்ற மேல ஒரு பொட்டுப் படாமப் பாத்துக்கிட்டேன்." துண்டை முறுக்கினார். "நீ எனக்கப்பறம் உள்ள போயி வெறுங்கையில தொடைப்பேன்னு எனக்குத் தோணவே இல்லை. நீ தெனமும் என்ற கண்ணைப் பாத்தே. நான் ஒருநாள்கூட உன்ற கண்ணைப் பாக்கலை."

அவர் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். பிடிக்க வலு இல்லை. அந்த வெள்ளைப் பூச்சி என்ன என்பதை அப்போது நான் சொல்லவில்லை. தொண்டை வலிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 4

மாவுப்பூச்சி திரும்ப வந்துவிட்டதாம், முன்னைவிட அதிகமாக. அதைத் தின்பதற்கு ஒரு வண்டுகூட மிச்சமில்லாத இடத்தில் அது பெருகத்தானே செய்யும். ஹேமலதா மேடம் போனில் பேசினார். புது வண்டு இருக்கிறதாம், ஆனால் குடிலில் மருந்தின் வீரியம் போகும்வரை விடக்கூடாது, நானும் உள்ளே போகக்கூடாது என்றார். சலீம் பாயிடம் என் வீட்டுக்காரரே பேசி, இந்த வருடம் பூ இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் கட்டிலை விட்டு எழுந்தால் ஓடி வருகிறார். இருமினால் ஓடி வருகிறார். தண்ணீர் டம்ளரை நான் தொடும் முன் கழுவுகிறார், வைத்துவிட்டு மறுபடி எடுத்துக் கழுவுகிறார். பயம் எப்படி ஒரு ஆளைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். பார்க்கச் சகிக்கவில்லை.

நவம்பர் 5

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். கஞ்சி கொண்டுவந்து வைத்தார். ஆறட்டும் என்று விசிறிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க பாத்த அந்தப் பெரிய வெள்ளப் பூச்சி மாவுப்பூச்சி இல்லீங்க."

விசிறி நின்றது.

"அது நான் ஆய்வுக்கூடத்துல வாங்கியாந்து உட்ட பொறிவண்டோட புழு. மாவுப்பூச்சியத் தின்னுக்கிட்டிருந்துச்சு. பெருசாகப் பெருசாக, நெறையத் திங்கும். உண்மையாவே கொறைஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சுங்க."

அவர் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மாடு கத்தியது. போய்த் தண்ணீர் காட்டவில்லை.

"ஏன் அம்மிணி சொல்லலை?"

"பூச்சி காசு குடுத்து வாங்கினேன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னுதான்."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்கிற மாதிரிதான் ஆட்டினார். கஞ்சியைக் கரண்டியால் கலக்கி, ஒரு வாய் எடுத்து, ஊதி, என் வாயருகே கொண்டுவந்தார். பாதி போர்வையில் சிந்தியது.

"சிரிச்சிருப்பேன்" என்றார். "சிரிச்சுட்டு, பேசாம இருந்திருப்பேன்."